முப்பத்தெட்டு விநாடி

பதினொன்று நாற்பதுக்கு முதல் தடவையாகத் திரை அந்த வரியைக் காட்டியது. கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது. எங்காவது எழுத்தை மாற்றி அடித்திருப்பேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். அதே வரி. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அதற்கும் அதே பதில். எட்டு வருடமாக இந்த ஆற்றுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தரவு ஏற்றுகிறேன், என்னிடமே அனுமதி இல்லை என்கிறது. மற்ற நாளாக இருந்தால் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அணையின் மதகுகளைத் திறப்பதாக முடிவாகியிருந்தது. மலையில் மூன்று நாளாக விடாத மழை. மதகு திறப்பதற்குள் கீழ்க்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போயாக வேண்டும். அதற்காக எங்களிடம் ஓர் இயந்திரம் இருக்கிறது. தரவுத்தளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து அதுவே வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்து, பதிவு செய்த அறிவிப்பை ஒலிக்கும். அறிவிப்பு முப்பத்தெட்டு விநாடி. போன வருடம் அதைப் பதிவு செய்தபோது பதின்மூன்று முறை பேசவைத்துத் தொண்டையை ஒரு வழியாக்கினார்கள். உங்கள் குரல்தான் தெளிவாக இருக்கிறது என்று பொறியாளர் சொன்னதில் நானும் கொஞ்சம் மயங்கிவிட்டேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை மணிகளைத் தனித்தனியாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். எந்த மணிக்குத் திறக்கிறார்களோ அதை நடுவில் செருகிக்கொள்ளலாம்.

பட்டியல்தான் பழையது. ஆற்றை ஒட்டிப் புதிதாக எழும்பிய நாலு தெருக்கள் அதில் இல்லை. கணக்கெடுப்பாளர்கள் போன வாரம் அந்த ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளையும் எழுதிக் கொண்டுவந்தார்கள். நான் அதைத் திருத்தி ஒரே கோப்பாக்கி என் ஃபோல்டரில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நான் எப்போதுமே அப்படித்தான், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிற ரகம்.

பொறியாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு காதுக்கும் இரண்டு போன் வைத்துக்கொண்டு அலைகிறவர், இரண்டையும் இறக்கிவிட்டுப் பேசினார்.

"பன்னண்டரைக்குச் சுத்து ஆரம்பிச்சே ஆகணும்மா. அதுக்குள்ள ஏறலைன்னா பழைய பட்டியலோடயே போயிடுவேன். எனக்கு வேற வழி இல்லை."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு சுற்று தொடங்கினால் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்திப் புதிய வீடுகளைச் சேர்க்க முடியாது. முடிந்த பிறகு சேர்த்தால், கடைசித் தெருவுக்குச் செய்தி போகும்போது தண்ணீரும் கூடவே போகும். ஒலிபெருக்கி வைத்த ஒரே வண்டி அக்கரையில் இருந்தது. அறையில் இருந்த மூன்று எழுத்தர்களிடமும் புதிய பட்டியலை அச்சடித்துக் கொடுத்து, முதல் வரியிலிருந்து கையால் அழைக்கச் சொல்லியிருந்தார். மூன்று பேர், மூன்று தொலைபேசி, ஆயிரத்துச் சொச்சம் வீடுகள்.

எண்ணூற்று எழுபத்து நான்காவது வரியில் என் அண்ணன் இருந்தான்.

பட்டியலைத் திருத்தும்போதுதான் கண்டுபிடித்தேன். குடும்பத் தலைவர் பெயர், அதற்கு நேரே எனக்கு மனப்பாடமான எண். நாலாவது தெரு, ஆற்றைப் பார்த்த கடைசி வீடு. குடியிருப்போர் மூன்று பேர். அண்ணனும் அண்ணியும் இரண்டு. மூன்றாவது யார் என்று பார்த்தால், வயது ஒன்றரை. எனக்கு ஒரு மருமகன் பிறந்து நடக்கத் தொடங்கியிருக்கிறான், அதை எனக்குக் கணக்கெடுப்புத் தாள்தான் சொல்கிறது. அன்று அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரமானது.

மூன்று வருடமாக அவன் என்னோடு பேசுவதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூச்சு சரியில்லை. அவனுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்போது அவன் வெளியூரில் இருந்தான், அவ்வளவு தூரத்திலிருந்து அலறியடித்துக்கொண்டு வருவானே, காலையில் பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அம்மா காலைவரை காத்திருக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "நேரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு என் எண்ணைத் தன் போனில் முடக்கிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரைக்குத் திரும்பினேன். கோப்பை நானே திறந்து பார்த்தேன், திறந்தது. அப்புறம் என்ன அனுமதி வேண்டிக்கிடக்கிறது என்று எரிச்சல் வந்தது. பிறகுதான் புத்தி வேலை செய்தது. கட்டளையிடுவது நானாக இருந்தாலும் கோப்பைப் போய்ப் படிப்பது நானில்லை, தரவுத்தளம். சர்வரில் அதற்கென்று தனிப் பயனர் பெயர் இருக்கிறது. அதைப் பொறுத்தவரை இது அயலார் கோப்பு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கோப்புக்கு அனுமதி கொடுத்தேன். மறுக்கப்பட்டது. அலமாரியைத் திறந்துவைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டால் யார் உள்ளே வர முடியும்? என் ஃபோல்டரே பூட்டியிருந்தது. அதைத் திறந்துவிட எனக்கு அதிகாரம் இல்லை. எங்கள் சர்வர் நிர்வாகியை அலுவலகமே பூட்டு என்றுதான் அழைக்கும். முன்பு யாரோ கைத்தவறுதலாக ஒரு வருட மழைக் கணக்கை அழித்துவிட்டதிலிருந்து எல்லாவற்றையும் இழுத்து மூடி வைத்திருக்கிறார். அவர் அன்று லீவு, மகள் ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார்.

சரி, கோப்பை அங்கிருந்து எடுத்துவிடலாம் என்று, ஏற்றுவதற்கென்றே இருக்கும் பொது ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அங்கே தரவுத்தளம் தினமும் வந்துபோகிறது. நேற்றுகூட மழை அளவுக் கோப்பை அங்கிருந்துதான் படித்தது. பன்னிரண்டு மணி ஆறு நிமிடம். பொத்தானை அழுத்தினேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஃபோல்டர், ஒரே அனுமதி, எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல் இருந்தது. ஒன்றைப் படிக்கிறது, இன்னொன்றைத் தொடமாட்டேன் என்கிறது. படிக்க, எழுத, இயக்க என்று இருக்கிற எல்லா அனுமதியையும் வாரி இறைத்தேன். பூட்டு பார்த்தால் ரயிலிலிருந்து குதித்துவிடுவார். அதற்கும் அசையவில்லை. பூட்டுக்கு அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். எழுத்தர்கள் இருநூறாவது வரியைக்கூடத் தொட்டிருக்கவில்லை. நடுவில் புகுந்து என் ஆளை மட்டும் அழைப்பது நியாயமில்லை என்று தெரிந்தேதான் அலுவலகத் தொலைபேசியை எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"அலோ."

"அண்ணா, நான்தான்…"

வைத்துவிட்டான். மதகு என்று தொடங்கியிருக்க வேண்டும். ஆறு, தண்ணீர், இரண்டு மணி, எதைச் சொல்லித் தொடங்கியிருந்தாலும் கேட்டிருப்பான். மூன்று வருடம் கழித்துக் குரலைக் கேட்டதும் வாயில் அண்ணாதான் வந்தது. பக்கத்து மேசை எழுத்தரிடம் எண்ணை எழுதிக் கொடுத்து, கேள்வி கேட்காமல் அழையுங்கள் என்றேன். அவர் இரண்டு முறை அழைத்தார். "எடுக்கலைக்கா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பினார். எங்கள் அலுவலக எண்ணையும் நான் கெடுத்துவிட்டேன். இயந்திரம் அழைப்பது வேறு எண்ணிலிருந்து, இனி அது ஒன்றுதான் பாக்கி.

பன்னிரண்டு பதினெட்டுக்குப் பூட்டு அழைத்தார். ரயிலின் இரைச்சலுக்கு நடுவே நான் நடந்ததைக் கொட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்க ஃபோல்டர்லேர்ந்து மூவ் பண்ணீங்களா, காப்பி பண்ணீங்களா?"

மூவ் என்றேன்.

"அதான். பழைய முத்திரையோடயே…"

தொடர்பு அறுந்தது. சுரங்கப்பாதையோ என்னவோ. ஆனால் அது போதும். அவர் நடத்திய வகுப்பு ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது இப்போது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கோப்பிலும் அது பிறந்த இடத்தின் முத்திரை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நகர்த்தினால் அதுவும் கூடவே வரும். வாசலில் நிற்கும் காவல் நிரல் அனுமதியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முத்திரையைப் பார்த்து, இது யாரோ ஒருவரின் சொந்தச் சாமான் என்று திருப்பி அனுப்பிவிடும். நகல் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அது புது இடத்திலேயே பிறந்த கோப்பு.

நகல் எடுத்தேன். இரண்டு முறை பெயரைத் தப்பாக அடித்தேன். பொறியாளர் பக்கத்தில் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு இருபத்து நான்கு. திரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள் ஏறின என்றது. பொறியாளர் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இரண்டு போன்களையும் காதுக்கு ஏற்றிக்கொண்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

சொன்னபடி பன்னிரண்டரைக்குச் சுற்று தொடங்கியது. தாழ்வான தெருக்களுக்குத்தான் முதல் அழைப்பு. திரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. எடுத்தார்களா, எத்தனை விநாடி கேட்டார்கள், புரிந்தது என்பதற்கு ஒன்றாம் எண்ணை அழுத்தினார்களா என்று அது காட்டும். அழுத்தாதவர்களைப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைக்கும். மொத்தம் மூன்று தடவை. வரிகள் பச்சையாகிக்கொண்டே வந்தன. அறைக்குள் யாரோ ஒலிபெருக்கியைப் போட்டார்கள். "இது ஆற்றுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அறிவிப்பு" என்று என் குரல் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. அண்ணனிடம் போய்ப் பேசப்போவது நான்.

ஓடிப்போய் வேறு குரலில் மாற்ற நேரமில்லை. மாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது? எண்ணூற்று எழுபத்து நான்கைத் திரையில் பிடித்து வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு மணி போனது. எடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கோடு நின்றுவிட்டது. நான்கு விநாடிக்குள் அலுவலகத்தின் பெயரைக்கூட நான் சொல்லி முடித்திருக்கமாட்டேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை மதியம் தூங்குகிற நேரம் அது என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். பொறியாளர் எத்தனை வீடு பாக்கி என்று கேட்டதற்கு ஏதோ ஓர் எண்ணைச் சொன்னேன், அது சரியாகவும் இருந்தது.

பன்னிரண்டு ஐம்பத்தொன்று. எடுத்தான். நான்கைத் தாண்டியது. பத்து, பதினைந்து. இரண்டு மணி என்று நான் சொல்லும் இடம் பன்னிரண்டாவது விநாடி, அதையும் கேட்டுவிட்டான். இருபத்தைந்து. வீட்டில் இருக்கும் எல்லோரையும் அழைத்துக்கொண்டு உடனே மேட்டுக்குச் செல்லுங்கள். முப்பத்தெட்டு. முழுவதும் கேட்டான். ஆனால் ஒன்றை அழுத்தவில்லை, வரி பச்சையாகவில்லை. பிள்ளையைத் தூக்கக் கையைக் கொடுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். நேரத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லிக்கொண்டேன். மனம் அடங்கவில்லை.

ஒன்று ஒன்றுக்கு மூன்றாவது அழைப்பு. மணி நீண்ட நேரம் போனது. எடுத்தான். அணைப் பக்கமிருந்து முதல் எச்சரிக்கைச் சங்கு ஊத ஆரம்பித்தது, எழுத்தர்கள் எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது, முப்பது, முப்பத்தெட்டு. அங்கே என் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் அந்தப் பதிவில் ஒரு வார்த்தையும் கிடையாது, வெறும் நிசப்தம்தான். அவன் ஒன்றையும் அழுத்தவில்லை, போனையும் வைக்கவில்லை. முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று எண் ஓடிக்கொண்டிருந்தது.