அவிட்டத்துச் சாவு

சின்னராசாவை அடக்கம் செய்த மறுநாள் காலையிலேயே கோயில் கமிட்டித் தலைவர் ஜெயரூபன், பூசாரியையும் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டுக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, ஜெயந்தினி அடுப்படிச் சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணை மூடினால் புருஷனின் முகம்தான். குளவி கொட்டி வீங்கி, அடையாளமே தெரியாமல் போன முகம்.

"தங்கச்சி, மனச தேத்திக்கிட்டு கேளு." ஜெயரூபன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "சின்னராசா போனது அவிட்ட நட்சத்திரத்துல. அடைப்பு இருக்கு. ஆறு மாசத்துக்கு வீட்ட பூட்டிப் போடணும். இல்லாட்டி அடுத்தடுத்து சாவு விழும். லயத்து ஆளுங்க பயந்து போயிருக்காங்க."

அவளுக்கு வீடென்று இருந்தது அந்த ஒற்றைக் காம்பராவும், பின்னால் ஒட்டிய அடுப்படியும்தான்.

"பூட்டிட்டு எங்கண்ணே போறது?"

"மொனராகலையில ஒன் அண்ணன் இருக்கான்ல."

"அவரே வாடகை வீட்டுல இருக்காரு. என் வேலை இங்க. புள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க."

பூசாரி நல்ல மனுஷன். கொண்டுவந்த பஞ்சாங்கங்கள் இரண்டையும் விரித்துப் பார்த்தார். "வாக்கியப்படி அந்த நேரத்துல திருவோணம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்திருக்கு, அதுக்கு அடைப்பு இல்ல. திருக்கணிதத்துலதான் அவிட்டம் பொறந்திருச்சு. உசுரு போன நேரத்த சரியா சொல்லும்மா. ஏதாச்சும் வழி பாக்கலாம்."

அந்தக் கேள்விதான் ஜெயந்தினியை எழுந்து நிற்க வைத்தது.

"எந்த நேரத்த கேக்குறீங்க சாமி? குளவி சூழ்ந்து அவரு தண்ணிக் கான்ல விழுந்து கெடந்த நேரமா? லொறி கொழுந்து ஏத்திக்கிட்டு பேக்டரிக்கு போயிருக்கு, வந்த பொறகு அனுப்புறோம்னு ஆபீஸ்ல சொன்னாங்களே, அந்த நேரமா? ரோட்டோரத்துல என் மடியில மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்தாரே, அந்த நேரமா? டாக்டர் பாத்து சொன்னது கடைசியில. அதுக்கு முந்தியே ரோட்டுல எல்லாம் முடிஞ்சு போச்சு."

பூசாரி பஞ்சாங்கங்களை மூடினார். ஜெயரூபன்தான் விடவில்லை. பண்டாரவளையில் கேட்ட பிரசங்கம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

"இது கலியுகம்மா. நாலு லட்சத்து முப்பத்திரெண்டாயிரம் வருசம். அதுல அஞ்சாயிரம்தான் கழிஞ்சிருக்கு. ஆயிரம் சதுர்யுகம் சேந்தா பிரம்மாவுக்கு ஒரு பகல். அதுல நம்ம ஆயுசு கண் சிமிட்டுற நேரம். அவன் காலம் முடிஞ்சிருச்சு, போயிட்டான். நாம என்ன செய்ய முடியும்?"

ஆபீஸிலும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். அவர் நேரம் வந்துவிட்டது, யாரால் தடுக்க முடியும் என்று. ஏழாம் நம்பர் மலையில், சவுக்கு மரத்துக் கவட்டில் அந்தக் குளவிக்கூடு பொங்கலுக்கு முந்தியே தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் கங்காணியிடம் சொன்னார்கள். கங்காணி ஆபீஸில் சொன்னார். மழை விடட்டும் என்றார்கள். மழை விட்டது. பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. சாவு விழுந்த நாளிலிருந்து லயம் முழுக்க நட்சத்திரப் பேச்சுதான். கூட்டைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"பிரம்மாவுக்கு கண் சிமிட்டுற நேரமா இருக்கட்டும்ண்ணே. எனக்கு அது புருஷன். அடுத்த சாவுக்கு பயப்படுறீங்கள்ல? அது என் காம்பராவுல இருந்து வராது. மரத்துல தொங்குது. பூட்டுறதா இருந்தா அந்த மலைய பூட்டுங்க."

"தீட்டோட சாமி காரியத்த எதுத்துப் பேசாத."

"கதவு தொறந்துதான் கெடக்கும். போயிட்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் அவள் பெரட்டுக்குப் போனாள். வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்கள் விலகிக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பரா ராசம்மா பதறிப்போனாள்.

"ஈரம் காயாம இங்க வரலாமாடி?"

"வேலைக்கு வரலக்கா. ஒரு வார்த்தை கேக்க வந்தேன். இன்னைக்கு ஏழாம் நம்பருக்கு ஏறப்போறது யாரு? ஒங்க மக யசோதினியா?"

ராசம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். யசோதினி தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினாள். ராசம்மாவும் கூடையை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் மலை ஏறவில்லை. கங்காணி அதட்டினார், கெஞ்சினார், கடைசியில் அவரும் ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியபோது தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தது. மத்தியானத்துக்குள் எல்ல ஊர்ப் பக்கமிருந்து கூடு எரிக்கும் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் புகை போட்டுக் கூட்டை எரித்து இறக்கினார்கள். ஒரு பொழுதில் முடிந்த வேலை. பொங்கலுக்கு முந்தியே முடித்திருந்தால்? நினைக்க நினைக்க ஜெயந்தினிக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"இப்ப திருப்தியா?" என்று துரை கேட்டார்.

"இனிமே ஆளு அடிபட்டா, கொழுந்த அங்கயே எறக்கிப்போட்டுட்டு லொறி ஆள ஏத்த வருமாங்க?"

பேசலாம் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். இன்றுவரை பேசவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் ஜெயந்தினி அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்போது நடந்த எட்டாம் நாள் காரியத்துக்கு ஜெயரூபன் வரவில்லை. கடைக்கோடிக் காம்பராக்காரர்கள் பயந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராசம்மா சமையலுக்கு வந்தாள். பூசாரி வந்தார், பஞ்சாங்கம் கொண்டுவரவில்லை. சின்னராசாவின் பேரைச் சொல்லித் தண்ணீர் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்.