அஷ்பாக் பேரில் ஜாபிர் ரத்தம்

முபீனாவுக்கு மூளை கொஞ்சம் ஜாஸ்தி என்று லால்பேட்டையில் சொல்வார்கள். மெச்சிச் சொன்னார்களா, குத்திச் சொன்னார்களா என்று அவள் விசாரித்ததில்லை. இப்போது கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு பக்கம் புருஷனும் மறுபக்கம் தம்பியும் சக்கர நாற்காலியில் மூச்சுக்குத் திணற, நடுவில் நின்றபோது அந்த மூளையைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

எல்லாம் அவள் போட்ட திட்டம்தான். கொரோனா இரண்டாம் அலை ஊருக்குள் நுழைந்த ரமலான் மாதம். விடுப்பில் வந்திருந்த புருஷன் ஜாபிர் துபாய் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தமும் மூக்குச்சளியும் டெஸ்ட் எடுத்து வரும்படி ஊர் டாக்டர் சொன்னார். கம்பெனியும் அதே டெஸ்டுகளைக் கேட்டிருந்தது. ஜாபிர் பேரில் கொரோனா என்று வந்துவிட்டால் பயணம் போச்சு, வேலையும் போச்சு. வெளிநாட்டுச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகளில் விமானத்தைத் தவறவிடுவது சாவுக்கு அடுத்த துக்கம். திடகாத்திரமான தம்பி ஒருத்தன் வீட்டிலிருக்க, எதற்குக் கலங்க வேண்டும் என்று முபீனா நினைத்தாள்.

"நீ மச்சான் பேர்ல ரத்தம் குடுடா. மச்சான் ஒன் பேர்ல குடுக்கட்டும். மாஸ்க் போட்ட மூஞ்ச யாரு பாக்கப் போறாங்க?"

அக்காள் பேச்சை அஷ்பாக் என்றைக்குத் தட்டினான்? இருவரும் ஒரே பைக்கில் சிதம்பரம் போய், ஆதார் அட்டைகளை மாற்றிக் கொடுத்து, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். வழியெல்லாம் ஜாபிர் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டே வந்தான்.

ஜாபிர் பேரில் வந்த ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. அஷ்பாக் பேரில் வந்ததைப் பார்த்துத்தான் ஊர் டாக்டர் முகம் மாறினார். உடம்புக்குள் எவ்வளவு ரணம் என்று காட்டுவது சி.ஆர்.பி. ரத்தம் உள்ளே கட்டிக்கொள்கிறதா என்று காட்டுவது டி-டைமர். இரண்டும் எகிறியிருந்தன. நுரையீரலுக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். ஜாபிர் போகமாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்து, அஷ்பாக்குக்கென்று அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை விழுங்கி வீட்டிலேயே படுத்தான். அதற்குள் இந்தியாவிலிருந்து வரும் விமானங்களைத் துபாயில் நிறுத்திவிட்டார்கள். செய்த தில்லுமுல்லு அத்தனையும் வீணாய்ப் போனது. அஷ்பாக்குக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். இது சாதாரணக் காய்ச்சல், இதற்காக நோன்பை விடுவேனா என்று அவன் மாத்திரைகூடப் போடாமல் திரிந்தான்.

இன்று காலை இருவருக்கும் ஒன்றாக மூச்சு முட்டியது. சிதம்பரத்தில் இடமில்லை என்றார்கள். காரைக் கடலூருக்கு விரட்டினார்கள்.

டாக்டர் சத்யப்பிரியா இருவர் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்தார். ஆக்சிஜன் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருந்தது. வேகமாக ஆக்சிஜன் தள்ளும் இயந்திரத்தோடு தீவிர சிகிச்சை அறையில் ஒரே ஒரு படுக்கை காலியாக இருந்தது. பழைய ரத்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். முபீனா வாய் திறப்பதற்குள், ஒன்றும் அறியாத அவள் அம்மா அஜீசுன்னிசா பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள்.

"அஷ்பாக் யாரு? இவரை மொதல்ல உள்ள கொண்டு போங்க."

அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அஷ்பாக்கின் நாற்காலி திரும்பியது. முபீனா பேசாமல் இருந்தால் தம்பிக்குப் படுக்கை. புருஷன் வராந்தாவில் கிடந்து சாவான். பேசினால் பெற்றவள் கண்ணெதிரே தம்பியைப் பிடித்து இழுத்த பாவம். ஜாபிரால் பேச முடியவில்லை, அவள் புடவைத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். அஷ்பாக்கும் அவளைத்தான் பார்த்தான்.

"டாக்டர், அது தம்பி ரத்தம் இல்ல. இவரு ரத்தம். பேர மாத்திக் குடுத்துட்டோம்."

டாக்டர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. அஷ்பாக்கிடம் திரும்பி உண்மையா என்று கேட்டார். அவன் தலையாட்டினான்.

"மச்சான் போவட்டும் மேடம். எனக்கு ஒண்ணுமில்ல," என்று சிரிக்கக்கூடப் பார்த்தான்.

ஜாபிர் உள்ளே போனான். அஷ்பாக்குக்கு வராந்தாவிலேயே ஒரு சிலிண்டரை மாட்டினார்கள். இருவருக்கும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அம்மா மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

புது ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. டாக்டர் முபீனாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஜாபிருக்கு எல்லாம் பாதிக்குமேல் இறங்கியிருந்தது; மாத்திரை வேலை செய்திருக்கிறது. ஜாபிருக்கு என்றைக்கும் இல்லாத உயரத்தில் அஷ்பாக்குக்கு எல்லாம் ஏறி நின்றது.

"நீங்க சொன்னது நெஜம்தாம்மா. ஆனா அது போன வாரத்து நெஜம். இதெல்லாம் ஏறுதா எறங்குதான்னுதான் பாக்கணும். ஒங்க தம்பிக்கு ஏறிக்கிட்டே இருக்கு."

"அப்ப அவர வெளிய கொண்டாந்துட்டு, தம்பிய உள்ள போடுங்க டாக்டர். மாத்திப் போட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, சிதம்பரம் போகுமுன் சொன்ன அதே யோசனையைத்தான் இப்போதும் சொல்கிறோம் என்று. டாக்டர் தலையை அசைத்தார். ரத்தம் தேறினாலும் நுரையீரல் இன்னும் தேறவில்லை, இயந்திரத்தை எடுத்தால் ஜாபிர் தாங்கமாட்டான் என்றார். வேறு ஊர்களிலும் கேட்டுப் பார்த்தாராம், எங்கும் இடமில்லை. உள்ளே இருக்கிற யாராவது தேறி வெளியே வரவேண்டும், இல்லையென்றால் என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் வராந்தாவுக்கு வந்தபோது நோன்பு திறக்கும் நேரம். அஷ்பாக் கண்ணை மூடியிருந்தான், விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஜாபிர் துபாயிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் இரண்டை எடுத்தாள். ஒன்றை மகளிடம் நீட்டினாள். நோன்பு திறக்கும்போது கேட்கிற துஆவை அல்லாஹ் தட்டமாட்டான் என்று முபீனாவுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அம்மா இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"யா அல்லாஹ், அந்த ரூம்புல எம் புள்ளைக்கு ஒரு எடத்த காலி பண்ணிக் குடு."

முபீனா அந்த அறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே இருக்கிற படுக்கைகளில் ஒன்று ஜாபிருடையது.

"ஆமீன் சொல்லு, முபீனா," என்றாள் அம்மா, காலையிலிருந்து மகளிடம் பேசிய முதல் வார்த்தையாக.

முபீனா ஆமீன் சொன்னாள். சொன்ன வாய் மூடுமுன், ஜாபிர் இடத்தை மட்டும் விட்டுவிடு ரப்பே என்று மனசுக்குள் கெஞ்சினாள். அப்படியென்றால் வேறு எவளோ ஒருத்தியின் புருஷனை எடுத்துக்கொள் என்றுதானே அர்த்தம் என்று உறைத்தது. பக்கத்தில் அஷ்பாக்கின் மூச்சு இழுத்தது. அவள் மறுபடியும் ஆமீன் சொன்னாள்.