ஒரு மூச்சும் ஓர் எம்.டி. பட்டமும்

உவரிக்கு வாந்திபேதி வந்தது. அதன் பின்னாலேயே டாக்டர் அப்பாத்துரையும் வந்தார். வாந்திபேதி சீக்கிரம் போய்விட்டது. டாக்டர் கொஞ்ச நாள் தங்கினார்.

அவர் சீமையில் எம்.பி. படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவர். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்து இருந்தும் என்னவோ மொட்டையாக இருப்பதாக அவருக்கு ஒரு குறை. எம்.டி. என்று இன்னும் இரண்டு எழுத்து வேண்டியிருந்தது. அதற்கு, உலகத்தில் ஒருவரும் அதுவரை சொல்லாத ஒன்றை ஆராய்ந்து எழுதி, சீமை சர்வகலாசாலைக்கு அனுப்ப வேண்டும். ஒருவரும் சொல்லாத விஷயத்துக்கு டாக்டர் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தார். அது மரிய அந்தோணியின் குடிசையில் கிடைத்தது.

மரிய அந்தோணி கட்டுமரத்தில் போய் மீன் பிடிக்கிறவன். அவன் பெண்சாதி பவுலினுக்கு அது தலைப்பிரசவம். பிள்ளை வெளியே வந்த நேரத்தில் அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். பிள்ளைக்கு முகம், கை, நெஞ்சு எல்லாம் லட்சணமாக இருந்தன. இடுப்புக்குக் கீழேதான் கால்கள் இரண்டும் பிரியாமல் ஒன்றாய் ஒட்டி, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் மீன்வால் போலச் சப்பையாக முடிந்திருந்தது. மருத்துவச்சி வியாகுலம் அதை மடியில் வாங்கினாள். அது வாயைத் திறந்து மூச்சை இழுப்பதைக் கண்டாள். இது தங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செம்பிலிருந்து தண்ணீரை அள்ளித் தலையில் விட்டு, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுத்தாள். ஆணா பெண்ணா என்று சொல்ல வழியில்லாததால், இரண்டுக்கும் ஒத்துவரும் தன் பெயரையே வைத்தாள். வியாகுலம் என்று பெயர் விழுந்த கையோடு பிள்ளை அடங்கிவிட்டது.

பவுலினுக்கு உதிரம் நிற்கவில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் வந்து, மருந்து கொடுத்து, உதிரத்தை நிறுத்தினார். அவள் பிழைத்தது அவரால்தான். அதை இல்லை என்று சொன்னால் பாவம். அதற்குப் பிறகுதான் மூலையில் துணி மூடிக் கிடந்த பிள்ளையைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் முகம், வலையில் பெரிய சுறா விழுந்தவன் முகம் போல ஆனது.

சிசுக்கொலை என்று யாராவது மனுப் போட்டால் வீண் வம்பு, ஒரு சின்னப் பரிசோதனை செய்துவிட்டால் குடும்பத்துக்கு நல்லது என்றார். குடிசைக்குப் பின்னால், கருவாடு காயப்போடுகிற இடத்தில் ஓலைத்தட்டியை மறைத்து உட்கார்ந்தார். சட்டியில் தண்ணீர் கேட்டார். மரிய அந்தோணி கொண்டுபோய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் பெற்ற கண், ஒரு தரம் பார்த்துவிட்டது. சட்டித் தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு துண்டு மிதந்தது. டாக்டர் அதை விரலால் அடிமட்டத்துக்கு அழுத்தினார். விரலை எடுத்ததும் அது மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் வந்தது. டாக்டர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டியை மணலில் கவிழ்த்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

அது என்ன என்று மரிய அந்தோணி கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

பிள்ளையைத் தான் எடுத்துப் போவதாகவும், சாஸ்திரத்துக்கு உபயோகப்படும் என்றும் டாக்டர் சொன்னார். மரிய அந்தோணி மறுக்கவில்லை. பெண்சாதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் கேட்கிறார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. விடிந்தால் தெருவே கூடி அந்த வாலைப் பார்க்குமே என்று அவனுக்குப் பயமாக இருந்தது. டாக்டருடைய வண்டி செம்மணல் தேரிமேட்டில் ஏறி மறைந்தபோது அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாதான் பிற்பாடு அவனைத் தின்றது.

பவுலின் எழுந்து உட்கார்ந்ததும் பிள்ளையைக் கேட்டாள். வியாகுலம் நடந்ததைச் சொன்னாள். சரி, பிள்ளை மோட்சத்துக்குப் போய்விட்டது, உடம்பை டாக்டரிடம் திருப்பி வாங்கிக் கோவில் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டால் போதும் என்று பவுலின் மனதைத் தேற்றிக்கொண்டாள். சாமியார் சம்மதிக்கவில்லை. கருவிலேயே செத்த பிள்ளை என்று டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் சொல்லியிருந்தார். உயிர் போன பிறகு விட்ட தண்ணீர் வெறும் தண்ணீர்தான். அந்தப் பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. வியாகுலத்தின் சாட்சியோ செல்லுபடியாகவில்லை. செத்துப் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் "ஒரு மூச்சு விட்டுச்சு சாமி" என்று சொல்லுகிறவள் அவள். தாய்மார் படும் பாட்டைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி, நிஜமாகவே பார்த்த ஒரு மூச்சுக்கு மதிப்பில்லாமல் பண்ணிவிட்டாள்.

பவுலின் விடவில்லை. திருநாளுக்குத் திருநாள் சாமியார் முன்னால் போய் நின்றாள். "செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஏறாது மகளே" என்பார் அவர். அவள் வீட்டுக்கு வந்து புருஷனைப் பார்ப்பாள். அவன் வலையைப் பார்ப்பான்.

சீமையில் புது மன்னருக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷம் அது. உவரிக் கருவாட்டை வாங்கிப் பாளையங்கோட்டைச் சந்தையில் விற்கிற அலி அக்பர் ஒரு சேதி கொண்டுவந்தார். "மரிய அந்தோணி, ஒம்ம பிள்ளைய வச்சு அந்த டாக்டர் பெரிய பட்டம் வாங்கிட்டாருவே. சனிக்கிழமை பாராட்டுக் கூட்டமாம். பிள்ளையவும் கொண்டாந்து காட்டுதாங்களாம்."

புருஷனும் பெண்சாதியும் அவருடைய கருவாட்டு வண்டியிலேயே போனார்கள். மீன் வாடையோடு பெரிய மனுஷர் கூட்டத்துக்குப் போகலாகாது என்று தாமிரபரணியில் இறங்கி, தோல் வெளிறும்வரை தேய்த்துக் குளித்தார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மாவிலைத் தோரணமும் மன்னர் படமும் இருந்தன. படத்துக்குப் போட்ட மாலையைவிட டாக்டருக்குப் போட்ட மாலை கொஞ்சம் பெரிது. தலைமை வகித்தவர் டாக்டரின் தகப்பனார், ரிட்டயரான தலைமை ஆசிரியர் வேதமுத்து. மகனுக்கு நடக்கும் பாராட்டில் தகப்பன் தலைமை வகிப்பது முறையா என்று சிலருக்குத் தோன்றலாம்; ஆனால் பட்சபாதமில்லாமல் பேசக்கூடியவர் வேறு ஒருவரும் இந்த ஜில்லாவில் அகப்படவில்லை என்று அவரே விளக்கினார். உபதேசியார் ஒருவர் விருத்தம் பாடினார். தன்வந்திரி புறச்சமயத்தாரின் தெய்வமாகையால் அவருக்கு நிகர் என்று சொல்லக் கூசி, லூக்கா வைத்தியருக்கு நிகர் என்று பாடி, அதுவும் அதிகமோ என்று பயந்து, ஏறக்குறைய நிகர் என்று முடித்தார்.

டாக்டர் எழுந்தார். கறுப்பு அங்கியில் வேர்த்துக் கொட்டியது. பட்டத்தின் அங்கி, கழற்ற மனம் வருமா? மேஜையிலிருந்த வெல்வெட் துணியை நீக்கினார். பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் பிள்ளை இருந்தது. முன்வரிசைச் சீமாட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தார்கள்.

மனிதக் கரு தாய் வயிற்றில் முதலில் மீனாக இருந்து, பிறகு தவளையாகி, பிறகுதான் மனிதனாகிறது என்று டாக்டர் விளக்கினார். இந்தச் சிசு மீனாக இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மீனுக்குக் காற்று எதற்கு? ஆகையால் இத்தகைய சிசுவால் ஒருக்காலும் மூச்சு விட முடியாது. இதுவே உலகத்துக்கு அப்பாத்துரை வழங்கிய உண்மை. இதை வெறும் ஊகமாக அவர் சொல்லவில்லை. மூச்சு விட்ட நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், விடாதது மூழ்கும். பாமரரும் புரிந்துகொள்ளலாம். "நானே என் கையால் போட்டேன். கல்லைப் போல மூழ்கிற்று."

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. கடைசி வரிசையில் நின்ற மரிய அந்தோணிக்கு அது கேட்கவில்லை. அவனுக்குள் அந்தச் சட்டியும் அந்த விரலும் அந்த இளஞ்சிவப்புத் துண்டும் வந்து நின்றன. அழுத்த அழுத்த அது மேலே வந்தது.

பக்கத்தில் பார்த்தான். பவுலினைக் காணோம்.

அவள் நடுவழியே நடந்து மேஜைக்கு வந்திருந்தாள். பிள்ளையின் முகம் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்ததால், நின்று பார்த்தால் உச்சந்தலைதான் தெரிந்தது. அதனால் முழங்காலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண்ணாடியோடு கண்ணை வைத்து முகத்தைப் பார்த்தாள். நெஞ்சில் போட்டிருந்த தையலைப் பார்த்தாள். தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

புராட்டஸ்டண்டு சபைக்காரரான வேதமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ரோமான் சபைக்காரர் எதைக் கண்டாலும் முழங்கால் போட்டுவிடுவார்கள், விக்கிரக ஆராதனையின் வேர் எத்தனை ஆழம் பாருங்கள் என்று சபைக்கு ஒரு சிறு பிரசங்கம் செய்தார். அவள் பிள்ளை முகத்தைப் பார்க்கக் குனிந்தாள் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் படவில்லை. பவுலின் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, எம் பிள்ளை மூச்சு விட்டுச்சா?"

டாக்டர் வாயைத் திறக்குமுன் மரிய அந்தோணியின் குரல் பின்னாலிருந்து வந்தது. இத்தனை பேர் நடுவே அவன் பேசியதே கிடையாது. "மிதந்துச்சு ஐயா. நான் பாத்தேன். எங்க வீட்டுச் சட்டிதான். நீங்க முக்க முக்க மேல வந்துச்சு."

பிறகு யாரோ, "ஏலே, டாக்டருக்கே பாடம் எடுக்கியா? மீன்பிடிக்கவனுக்கு எல்லாம் மிதக்கத்தான் செய்யும்" என்றார்கள். மண்டபம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார், ஆனால் எல்லாரும் நிறுத்திய பிறகு. வெல்வெட் துணியை எடுத்துக் குடுவையை மூடினார். பாராட்டு இனிதே முடிந்தது.

திரும்பும் வழியில், தேரிக்காட்டில் வண்டி ஏறும்போது பவுலின் கேட்டாள். "இத ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"அதுக்கு இதான் அர்த்தம்னு எனக்கு இன்னைக்குத்தான்ட்டி தெரியும்."

அது உண்மைதான். ஆனாலும் அவன் தலை குனிந்தே இருந்தது.

சாமியார் முழுவதையும் கேட்டார். மிதந்தால் மூச்சு விட்டதென்று டாக்டரே சபையில் சொன்னாரா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். மரிய அந்தோணி பொய் சொல்லுகிறவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். கடைசியில், "வியாகுலம் சொன்னத இந்த ஒரு தடவை நம்பியிருக்கணும், நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளைதான். கொண்டுவந்தால் கோவில் கல்லறைத் தோட்டத்திலேயே, பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி மணி அடித்து அடக்கலாம்.

பவுலின் சிரித்ததை அன்றைக்குத்தான் தெரு மறுபடி பார்த்தது. உடனே துணி எடுத்துச் சட்டை தைக்க உட்கார்ந்தாள். கீழே கால் பிரிக்காமல், பை மாதிரி நீளமாக ஒரு சட்டை.

அடுத்த சந்தைக்கு மரிய அந்தோணி மட்டும் வண்டி ஏறினான். டாக்டர் வீட்டு வாசலில் பலகை புதிது, எம்.டி. எழுத்துகள் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தன. உள்ளே டாக்டர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். இவனைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பிள்ளைய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் ஐயா. சாமியார் சரின்னுட்டாரு."

டாக்டர் தரையைப் பார்த்தார். "மிதந்தது வாஸ்தவம்தான்ப்பா. மிதந்துச்சுன்னு எழுதினா பட்டம் கிடைக்காது. மூழ்கிச்சுன்னு எழுதிட்டேன்."

"அதெல்லாம் எனக்கு என்னத்துக்கு ஐயா? நான் ஒருத்தருட்டயும் பேச மாட்டேன். பிள்ளையத் தாங்க."

"இங்க இல்ல. சர்வகலாசாலையில கேட்டு எழுதிட்டாங்க. தூத்துக்குடியில கப்பலேத்தியாச்சு."

கேட்டு எழுதினால் திருப்பி அனுப்புவார்களா என்றான் மரிய அந்தோணி. அனுப்பமாட்டார்கள் என்றார் டாக்டர். பிறகு, அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று அவருக்கே மனசு அடித்துக்கொண்டது.

"மரியாதையா வச்சிருப்பாங்கப்பா. கண்ணாடி அலமாரி. கீழ பேரு எழுதி ஒட்டியிருக்கும்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்போ வியாகுலம்னு எழுதச் சொல்லுங்க ஐயா. அதான் அது பேரு."

"எம் பேரு எழுதியிருக்கு" என்றார் டாக்டர்.

அவன் வருகிற நாளென்று பவுலின் காலையிலேயே வெட்டியானைப் பிடித்துக் குழி தோண்ட வைத்திருந்தாள். சாமியார் மணிக்கயிற்றுக்கு ஆள் நிறுத்தியிருந்தார். வியாகுலம் மெழுகுதிரியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. கடற்கரைக் கல்லறைத் தோட்டம். குழியின் கரை நிற்காது. நாலு பக்கமும் மணல் சரிந்து சரிந்து உள்ளே இறங்க, பவுலின் குழியோரம் குத்தவைத்துக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். தைத்த சட்டை தோளில் கிடந்தது.

மரிய அந்தோணி வாசலில் வந்து நின்றான். அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, கையை. பிறகும் இரண்டு கை மணலை அள்ளி வெளியே போட்டாள். தொடங்கிய வேலையைச் சட்டென்று விட அவளுக்குத் தெரியவில்லை. அவன் கிட்டே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்கனயே வச்சிக்கிட்டாங்களாட்டி" என்றான்.

பவுலின் கையை எடுத்தாள். குழியை மூட ஆள் வேண்டியிருக்கவில்லை. மணல் பைய உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.