தியேப் துடைத்த தரை

தியேப் இத்தாலியில் பொலோனியாவுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளில் அவள் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. அறையில் இருப்புக் கொள்ளாது, எழுந்து தெருவுக்குப் போவாள். எங்கள் ஊர் வளைவுக் கூடங்களுக்குக் கீழே நனையாமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், அவளும் நடந்தாள். ரொட்டிக் கடை முன்னால் நிற்பாள், வாங்காமல் திரும்புவாள். படம் வரையும் கரித்துண்டுகளைச் சீவிச் சீவியே ஒரு பெட்டியைப் பாதியாக்கிவிட்டாள்.

காரணம் இருந்தது, கண்ணுகளா. அவள் வியட்நாமில் ஹைபோங் துறைமுகத்துக்காரி. அம்மா நண்டு நூடுல்ஸ் விற்று அனுப்பி வைத்த பெண். விசா இழுத்தடித்ததில், ஓவியக் கல்லூரி திறந்து மூன்று வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் புரொபசர் துன்யோலியின் வகுப்பு நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை அவர் அவளுடைய சேர்க்கைக் கடிதத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"இங்க பன்னெண்டு பேருக்குத்தான் எடம். நீ பதிமூணாவது. மாசக் கடைசியில இந்தப் போஸ் முடியுது. அதுக்குள்ள முழுசா ஒரு படம் காட்டு, இருக்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம் என்றால் ஊருக்குத் திரும்பு என்று பொருள். அவளுடைய விசாவே இந்த வகுப்பை நம்பித்தான் இருந்தது.

மற்றவர்கள் அதே போஸை முன்பே எட்டு நாள் காலையில் வரைந்திருந்தார்கள். மேடையைச் சுற்றி நல்ல இடமெல்லாம் அவர்களுடையது. தியேப்புக்குக் கிடைத்தது இரும்புக் கணப்பின் பின்னால் ஒரு மூலை. அங்கிருந்து பார்த்தால் மாடல் ஓர்னெல்லாவின் பிடரியும் ஒரு தோளும் தெரியும், அவ்வளவுதான். பிடரியை வைத்துக்கொண்டு முழுப் படம் எப்படி வரைவது? மூன்று நாள் காலையில் மூன்று தாள்களைக் கசக்கினாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் கல்லூரிக்குப் போய்விட்டாள். வாசலைத் திறந்துவிட்ட காவல்காரி நீவெஸ் எதிர்க் கடைக்குக் காபி குடிக்கப் போய்விட்டாள். வகுப்பில் யாருமில்லை. தியேப் தரையைப் பார்த்தாள். கரித்தூள், காலடித் தடம், கோடு அழிக்கப் பயன்படுத்திய ரொட்டித் துணுக்கு எல்லாம் மிதிபட்டுப் பிசுபிசுவென்று கிடந்தது.

ஹைபோங் பள்ளியில் அன்றைக்கு முறை வரும் பிள்ளைகள் முன்னதாக வந்து வகுப்பைக் கழுவிவிட வேண்டும். ஆறு வயதிலிருந்து அவள் செய்த வேலை. கை தானாகப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த வாளியையும் மாப்பையும் தேடிப் போயிற்று. படம் வைக்கும் ஸ்டாண்டுகளையெல்லாம் சுவரோரம் நகர்த்தினாள். தரையெங்கும் மும்மூன்றாக வெள்ளைப் புள்ளிகள், மேடை மேல் வளைவு வளைவாக வெள்ளைக் கோடுகள். அழுக்குத்தான் என்று அழுத்தித் தேய்த்தாள். கணப்புக்குப் பின்னாலும் விடவில்லை. கடைசியில் ஸ்டாண்டுகளை அழகாக வரிசையில் நிறுத்தினாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஒன்பது மணிக்கு ஓர்னெல்லா மறைப்பிலிருந்து அங்கியோடு வந்து மேடையில் ஏறினாள். குனிந்து பார்த்தாள்.

"என் கால் எங்க?"

"காலு இருக்கட்டும், என் ஸ்டாண்டு எங்க?" என்றான் தோபியா, முன்வரிசைப் பையன். "யார்ரா இது, பட்டாளம் மாதிரி வரிசையா நிக்க வச்சது?"

மாடல் அரைமணிக்கு ஒரு தரம் இறங்கி இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறுவாள். அதே இடத்தில் நிற்பதற்காகக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் அப்படியே. விரல் அகலம் நகர்ந்தாலும் படத்தில் உடம்பு மாறிவிடும். பதினோரு நாள் உழைப்பு அந்தக் கோடுகளில்தான் இருந்தது. இது தியேப்புக்குத் தெரியாது. அவள் ஊரில் மாடல் நாற்காலியில் உட்காருவார், இரண்டு நாளில் எழுந்து போய்விடுவார்.

"இடது குதிகால் வெளியே!" என்று ஒருத்தி கத்தினாள்.

"உள்ளே! இன்னும் உள்ளே!" என்றான் இன்னொருவன்.

"நான் என்ன பொம்மையா? ஒருத்தர் சொல்லுங்கப்பா!"

துன்யோலி பன்னிரண்டு படங்களையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார். ஒவ்வொன்றிலும் இடது கால் ஒவ்வோர் இடத்தில் இருந்தது. ஓர்னெல்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதுல ஒண்ணுலயாவது நான் நிக்கிறேனா, புரொபசர்?"

யாரோ சிரித்தார்கள். புரொபசருக்குக் கோபம் அந்தச் சிரிப்பில்தான் ஏறியது. "நீவெஸ்!" என்று மாடிப்படி அதிரக் கூப்பிட்டார்.

நீவெஸ் சாவிக்கொத்தோடு வந்தாள்.

"இந்த ரூம்ல தண்ணி படக்கூடாதுன்னு எத்தன வருஷமா சொல்றேன்?"

"நான் தொடவே இல்ல. இதத் தொடைக்கணும்னா மொதல்ல எனக்குப் பைத்தியம் புடிக்கணும்."

"வாளி ஈரமா இருக்கே?"

"வாளின்னா ஈரமாத்தான் இருக்கும். ஷாம்பெயினா ஊத்தி வைப்பாங்க?"

"பேசாத. ஆபீசுக்கு எழுதப் போறேன்."

நீவெஸுக்குக் கழுத்து சிவந்துவிட்டது.

தியேப்புக்குப் பேச்சில் பாதி புரியவில்லை. வாளியும் நீவெஸும் ஆபீசும் புரிந்தன. இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. போஸ் போய்விட்டது என்றால் எல்லோரும் இன்று முதல் ஆரம்பிக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்குப் பதினோரு நாள் நஷ்டம். நஷ்டமில்லாதவள் அவள் ஒருத்திதான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னால் எவன் நம்புவான்? வாயை மூடிக்கொண்டால் இடம் கிடைக்கலாம். கதவுவரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். நீவெஸ் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்," என்றாள் தியேப். "வாளி நான். தரை நான்."

தோபியாதான் முதலில் கை தட்டினான்.

"பாத்தீங்களா! லேட்டா வந்தா. ஒரே தொடப்புல நம்ம எல்லாரையும் அவகூட நிறுத்திட்டா. பலே கில்லாடி!"

"எங்க ஊர்ல… காலைல, பசங்க கழுவுவோம். தினம். கோடு… அழுக்குன்னு."

"அழுக்கா! பதினோரு நாளு எங்க உசிரு, உனக்கு அழுக்கா!" என்று தோபியா கத்தினான்.

நீவெஸ் அவளிடம் வந்தாள். அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தீர்களா? இல்லை. "என் சாமானத் தொட யாருடி உனக்குச் சொன்னது?" என்று ஒரு சத்தம். அப்புறம் துன்யோலி பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு, புரொபசர். ஏமாத்த வந்தவ மேடைய மட்டும் தொடச்சிட்டுப் போவா. கணப்புக்குப் பின்னால போய்ப் பாருங்க. நானே அஞ்சு வருஷமா கைய வைக்காத எடம், தட்டு வச்சுச் சாப்பிடலாம். மாப்ப வேற பிழிஞ்சு, தல மேல வர்ற மாதிரி மாட்டியிருக்கா. திருட்டுப் புத்திக்கு இவ்ளோ பொறுமை வராது."

துன்யோலி உண்மையாகவே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினார். புதுப் போஸ் என்றால் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவது அவர் வழக்கம். பன்னிரண்டு பெயரை எழுதிப் போட்டுவிட்டு நிறுத்தினார்.

"மாசக் கடைசிதான் கெடு. எல்லாருக்கும் இன்னும் ஆறே நாளு. கெட்டது என் படமில்ல, உங்க படம். இவ பேரு இதுல வரணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க."

தியேப் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்னக் கேட்டா," என்றாள் ஓர்னெல்லா, "இந்தப் பொண்ணுக்கு நான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துவேன். பதினோரு நாளா என் இடுப்பு செத்துக்கெடக்கு. இந்தத் தடவ நான் உக்காந்துதான் போஸ்."

தோபியா தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "இடது காலு எனக்கு எப்படியும் வரல," என்று முணுமுணுத்துவிட்டு, அதன் மூலையைக் கிழித்து அவளிடம் நீட்டினான். "பேர எழுது. உன் பேர எழுத எனக்கு வராது. ஆனா மறுபடி வாளி பக்கம் போன, ஜன்னல் வழியா உன்னையும் சேத்து வீசிடுவேன்."

எழுதினாள். பதின்மூன்று சீட்டு குலுங்கின. அவளுடையது ஆறாவதாக வந்தது. ஜன்னல் பக்கம், பக்கவாட்டில் ஒரு சுமாரான இடம்; ஆனால் முழு உடம்பும் தெரிகிற இடம்.

ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினாள். சாக்பீசை வாங்கி மண்டியிட்டாள். ஈரம் காயாத தரையில் சாக்பீஸ் ஒட்ட மறுத்தது. ஓர்னெல்லா அதற்குள் அங்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள், நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது, மற்றவர்களின் கரி தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. தியேப் தரையை வாயால் ஊதி ஊதிக் காயவைத்து, முதல் புள்ளியை அழுத்தி வைத்தாள்.