எட்டாம் வாசலுக்கு மாற்றம்

எங்கள் கட்டடத்துக்கு எட்டு வாசல்கள். இரசாயன ஆலைக்காரர்களுக்காக வோல்கா கரையில் எழுப்பிய ஐந்தடுக்குக் கட்டடம். வீடு ஒதுக்கும் பொறுப்பை, ஆய்வகத்தில் ஓய்வு பெற்ற கபிடோலினா அர்சேனியெவ்னாவிடம் கொடுத்தார்கள். மனிதர்களைப் பிரிக்க அந்த அம்மாளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பழைய தனிம அட்டவணையில் எட்டுத் தொகுதிகள், கட்டடத்தில் எட்டு வாசல்கள். வேலை ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது.

முதல் வாசலில் சோடியம், பொட்டாசியம் வகையறா. மிச்சமிருக்கும் ஒற்றை எலக்ட்ரானை யார் தலையிலாவது கட்டினால்தான் எங்களுக்கு மறுவேலை. தண்ணீர் பட்டால் தீப்பிடிப்போம். எங்கள் வாசலுக்கு வரும் தீயணைப்பு வண்டியில் மணல் மட்டும்தான் இருக்கும். ஏழாம் வாசலில் ஃபுளோரின், குளோரின், அயோடின். அவர்களுக்கு எப்போதும் ஒன்று குறையும். உப்பு, ஏணி, அடுத்த வீட்டுப் புருஷன், எதையாவது பிடுங்கினால்தான் தூக்கம் வரும். இந்த இரண்டு வாசல்காரர்களும் கல்யாணம் செய்துகொண்டால் சமையல் உப்பைப்போல் சாதுவாகிவிடுவார்கள். நானும் ராயிசாவும் அப்படித்தான். அவள் அயோடின். தொட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை.

எட்டாம் வாசல் மந்த வாயுக்களுக்கு. கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. அங்கே எந்தக் கதவுக்கும் அழைப்புமணி கிடையாது.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்த வாரத்தில் ராயிசா இறந்தாள். நான் அழவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை. சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியால் மூடினேன். அவளுக்கென்று ஒரு கோப்பையில் வோட்கா ஊற்றி, மேலே கறுப்பு ரொட்டித் துண்டை வைத்தேன். அப்போது மேல்வீட்டுக் குழாய் உடைந்து என் தலையில் கொட்டியது. எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். வாசற்படியில் நின்ற யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் கபிடோலினா வந்தார்.

"போர்ஃபிரி நீலோவிச், எனக்கும் வருத்தந்தான். ஆனா நனைஞ்சும் எரியாத ஆள முதல் வாசல்ல வெச்சிருக்க முடியாது. எட்டாவதுல தரைத்தளம் காலியா இருக்கு."

"இங்கயே இருந்துக்கறேனே."

"நாப்பதாம் நாள் சாப்பாட்டுக்கு வர்றேன். உங்ககிட்ட ஒரு சின்ன வேதிவினை நடந்தாப் போதும், இங்கயே இருங்க. இல்லேன்னா மூட்டை கட்டுங்க."

அந்த வீட்டை விட்டுப்போக எனக்கு விருப்பமில்லை. சமையலறை மேசையில் அவளுடைய விரல் தடங்கள் பழுப்பாக இருந்தன. விருப்பமில்லை என்பது தெரிந்ததே தவிர, உடம்பில் எங்கேயும் உறைக்கவில்லை.

எதிர்வீட்டு யெவ்சேய் குஸ்மிச் தைரியம் சொன்னான். அவன் பொட்டாசியம், ஊதா நிறத்தில் எரிபவன். "நீ சும்மா உக்காரு நீலிச். உன்ன நான் பத்தவெக்கறேன்."

நாற்பதாம் நாள் வந்தது. தேனும் உலர்திராட்சையும் போட்ட கோதுமைச் சோறு, அப்பம், வோட்கா. துக்கச் சாப்பாட்டில் யாரும் கோப்பையோடு கோப்பையை இடிக்கமாட்டார்கள். யெவ்சேய் எழுந்து, ராயிசாவின் கோப்பையிலேயே டங்கென்று இடித்தான். ரொட்டித் துண்டு நழுவியிருந்தது. அதை நேராக வைத்தேன்.

"உன் பொண்டாட்டி போட்ட வெள்ளரிக்கா ஊறுகா இருக்கே, செருப்புத் தோலுய்யா!" என்று கத்தினான்.

"உப்பு கொஞ்சம் கம்மிதான்," என்றேன்.

"கோவப்படுடா பாவி!" ஆத்திரத்தில் அவனே பற்றிக்கொண்டான். மீசை ஊதாவாக எரிந்தது. இரண்டு பேர் பிடித்து மணலைக் கொட்டினார்கள். அணைந்ததும் அவன் விளக்குக் கம்பியைப் பிய்த்து என் கையில் வைத்தான். நான் வெளிர்நீலமாக ஒளிர்ந்தேன்.

"பாத்தீங்களா! ஏதோ நடக்குது!"

கபிடோலினா அப்பத்தை மென்றுகொண்டே தலையாட்டினார். "ஒளிர்றது வேற, வினை வேற. கரண்டு குடுத்தா மந்த வாயுவும் ஒளிரும். கடைத்தெரு விளம்பர விளக்க நீ பாத்ததேயில்லையா?"

அந்த நேரத்தில் ஏழாம் வாசல் ஃபாயினா ல்வோவ்னா எழுந்தாள். அவள் ஃபுளோரின். கண்ணாடிச் சீசாவையே அரித்துவிடுவாள் என்று ஊரில் பேச்சு. கதவோரம் மாட்டியிருந்த ராயிசாவின் குளிர்கோட்டை எடுத்தாள்.

"இனிமே அவளுக்கு எதுக்கு இது? நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ," என்றேன். நானே கொக்கியிலிருந்து கழற்றியும் கொடுத்தேன். ஆனால் என் கை இடது கையை விடவில்லை. கோட்டின் இடது கையைச் சொல்கிறேன். நான் இழுக்கவில்லை, விடவுமில்லை. அவள் இழுத்தாள். தையல் பிரிந்தது. கோட்டு அவளிடம் போனது, கை என்னிடம் நின்றது.

"இதான் வினை!" என்று யெவ்சேய் குதித்தான்.

கபிடோலினா வாயைத் துடைத்துக்கொண்டார். "யார்கூட நடந்துச்சுன்னு பாரு. ஃபுளோரின் வந்து நின்னா மந்த வாயு செனானே மசிஞ்சு போகுது. அது எட்டாவது தொகுதி, அஞ்சாவது வரிசை. மேலேருந்து எண்ணினா எட்டாம் வாசல் தரைத்தளம். போர்ஃபிரி நீலோவிச், உங்களுக்குன்னே கட்டின வீடு."

போனேன். நல்ல வீடுதான், ஒழுகவில்லை. மேல்வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. கோட்டுக்கையைக் கொக்கியில் மாட்டினேன். கோடை போனது, போனதாகச் சொன்னார்கள்.

முதல் பனி விழுந்த வாரம் யாரோ கதவை உதைத்தார்கள். ஒற்றைக் கைக் கோட்டோடு ஃபாயினா.

"ஒரு கைல மட்டும் குளிர் அடிக்குது, மனுஷனா நீ! ஊசி வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். நூலையும் நானே கோத்துக் கொடுத்தேன். என் மேசையில் உட்கார்ந்து கையைத் தைத்தாள். ராயிசா குளிர்காலத்தில் அந்தக் கையைத்தான் என் கழுத்தில் போட்டுக்கொண்டு நடப்பாள்.

"கோணலா போகுது," என்றேன்.

"உன் மூஞ்சியவிடவா?" என்று மர நூற்கண்டை என்மேல் எறிந்தாள். நெற்றியில் பட்டது. வலிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்தாள், கோட்டைப் போட்டுக்கொண்டாள், போகிறபோக்கில் தேநீர்க் கரண்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வலித்தது.