ஒற்றைச் செருப்பு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் பிடித்து வைத்தான். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தான்.

இன்றைக்குள் ஒரு வரி சொல்லியாக வேண்டும்.

தொண்டைக் காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டபோது, மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்தவள் அவன் மனைவி. நர்ஸ். அதே காய்ச்சல் கடைசியில் அவளையும் கொண்டுபோயிற்று. அந்தக் கட்டடம் இப்போது குழந்தைகள் ஆஸ்பத்திரி. நாளை முறைப்படி திறப்பு விழா. அவளுடைய கடைசிப் பேச்சை வாசல் கல்லில் பொறிக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரே பிடியாக நிற்கிறார். அதைக் கேட்டவன் இவன் ஒருவன்தான்.

ஆனால் அது காய்ச்சல் உளறல். எட்டு மாதமாக அப்படித்தான் நினைத்திருந்தான். உளறலையா கல்லில் வெட்டுவது? நல்லதாக ஒன்றைக் கட்டிச் சொன்னால், அது அவள் பேச்சா? ஒன்றும் பிடிபடவில்லை.

வாசலில் கல்தச்சர் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. சுருக்கமா சொல்லுங்க. நீளமா இருந்தா கல்லும் தாங்காது, என் முதுகும் தாங்காது."

"கொஞ்சம் இருங்கண்ணே."

உள்ளே போனான். ஏழெட்டுக் குழந்தைகள் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் பெரியவர்கள் போடும் செருப்பு ஒன்று. ஒன்றுதான்.

"என்னக்கா இது, ஜோடி எங்க?" என்று வார்டு ஆயாவிடம் கேட்டான்.

"ஜோடி அவங்கவங்க அம்மா கால்ல. தொத்திக்கும்னு அவங்கள உள்ள தங்க விடமாட்டோம்ல? புள்ளைங்க கத்தியே ஊரக் கூட்டிரும். ஒரு செருப்ப விட்டுட்டுப் போனா, ஒத்தச் செருப்போட அம்மா எங்க போயிடுவா, வந்துடுவான்னு தூங்கிரும். உங்க வீட்டுக்காரம்மா பண்ண ஏற்பாடுதான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவன் கேட்டதில்லை.

அவள் காய்ச்சலில் கிடந்த அன்று ஐந்து நிமிஷம்தான் பார்க்க விட்டார்கள். இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டுதான் போனான். மறுநாள் வந்தபோது கட்டில் காலி.

வெளியே வந்தான். கல்தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"என்னதான் சொன்னாங்க?"

அவன் தன் காலைப் பார்த்தான். அதே செருப்பு. சொல்லலாமா கூடாதா என்று அப்போதும் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஏங்க, ஒரு செருப்ப இங்கயே விட்டுட்டுப் போங்க."