நாரையும் பிஸ்கட் டப்பா மூடியும்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஒரு பேட்ஜை ஆர்னல்ட் "டூப்பு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீலே கிடையாது. பட்டாளத்துப் பழைய தொப்பி பேட்ஜ்களைச் சேர்க்கிற பைத்தியங்களுக்கென்று அங்கே ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு சாயங்காலம் மதுக்கடை மாடியில் கூடும். எவனாவது ஏமாந்து போலியை வாங்கி வந்தானோ, தொலைந்தான். கிறிஸ்துமஸ் விருந்தில் அதைக் கோட்டில் குத்திக்கொண்டு, எல்லார் கேலிக்கும் நடுவே சாப்பிட வேண்டும். அப்புறம் அது சங்கத்தின் கறுப்பு டப்பாவுக்குள் போய்விடும். ஆர்னல்ட் ஒருமுறைகூடக் குத்திக்கொண்டதில்லை. குத்திக்கொண்டவர்களில் பாதிப் பேர் அவர் வாயில் விழுந்தவர்கள்.

அப்பேர்ப்பட்டவர் பித்தப்பையை எடுத்துவிட்டுப் படுக்கையில் கிடந்த மாதத்தில், அவர் மனைவி வின்னி அவருடைய பேட்ஜ் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்களைக்கு இறக்கிப் படித்துத் தள்ளிவிட்டாள். அவரிடம் மூச்சு விடவில்லை. அவர் பிறந்தநாள் காலையில் அவித்த முட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருந்தது. திறந்தால் பேட்ஜ். சைக்கிள் சக்கரம், நடுவில் ஒற்றைக்காலில் ஒரு நாரை.

"காக்கர்டேல் சைக்கிள் படை!" என்றாள் வின்னி. "ஸ்கார்பரோல அக்கா வீட்டுப் பக்கத்துக் கடைல கிடந்துச்சு. எடை பார்த்தேன், ஓரம் பார்த்தேன், அச்சு பார்த்தேன். நானே கண்டுபிடிச்சேன் ஆர்னல்ட், யாரையும் கேக்கல!"

ஆர்னல்ட் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஊசி கோக்க இரண்டு காதுகள். அந்தப் படையின் பேட்ஜுக்குக் காதுகள் இடமும் வலமுமாக இருக்கும். இதில் மேலும் கீழுமாக இருந்தன. எப்போதும் சட்டைப்பையில் இருக்கும் லென்ஸைக்கூட அவர் எடுக்கவில்லை, அந்த ஒரு பார்வை போதும். இதே மாதிரி ஒன்றைப் பல வருஷம் முன்னால் சங்கத்து சிரில் கொண்டுவந்து, இவரிடம் "டூப்பு" வாங்கி, குத்திக்கொண்டு உட்கார்ந்தும் ஆயிற்று.

நிமிர்ந்து வின்னி முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"அசல்தான் கண்ணு. ரொம்ப அழகா இருக்கு."

பேட்ஜ் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய்.

"அப்ப இந்த மாசக் கூட்டத்துக்கு நானும் வரேன். இத காட்டணும்."

"அங்கயா? ஒரே புகை. படி வேற செங்குத்து."

"பித்தப்பை இல்லாத நீயே ஏறுற. எனக்கென்ன கேடு?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஆர்னல்ட் அந்த அளவுக்குக்கூடக் கெட்டிக்காரர் இல்லை. வின்னி நடுவில் ஒருநாள் மறுபடி அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். அன்று முழுக்க அவர் உண்மையைச் சொல்லிப் பழகிப் பார்த்தார். அவள் வந்ததும் டீ போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு அவள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். மேசை நடுவே பேட்ஜை வைத்தாள். சிரில்தான் முதலில் எடுத்தார். திருப்பினார். அவர் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

"காது மேலயும் கீழயும்! வின்னி, நீங்க இத ஆர்னல்ட்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டினேனே. அசல்னு சொல்லியாச்சு."

சிரில் கறுப்பு டப்பாவைக் கவிழ்த்து, அடியிலிருந்து ஒரு பேட்ஜைப் பொறுக்கிப் பக்கத்தில் வைத்தார். அதே சக்கரம், அதே நாரை, அதே காது.

"அப்ப இது என்னடா ஆர்னல்ட்? இத குத்திக்கிட்டுதானே என் மாமியார் எதிர்ல உக்காந்து விருந்து தின்னேன்! சாகிற வரைக்கும் அந்தம்மா என்னை ஏமாளின்னே கூப்பிட்டாங்க. அது அசல்னா இதுவும் அசல். சொல்லு!"

இருதலைக் கொள்ளி எறும்பானார் ஆர்னல்ட். அசல் என்றால் சிரிலை அநியாயமாக அவமானப்படுத்தியவர். டூப்பு என்றால் பெண்டாட்டியிடம் பொய் சொன்னவர். 'சிரில், உன்னுது வேற அச்சு' என்று இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். வின்னி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து நின்றார். "வின்னிகிட்ட பொய் சொல்லிட்டேன். ரெண்டுமே டூப்புதான். அவ முகம் வாடுறதைப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

"தெரியும்" என்றாள் வின்னி. "நீ லென்ஸே எடுக்கலையே. நம்ம கல்யாணத்துல மோதிரத்தையே லென்ஸ் வச்சுப் பாத்த ஆளு! அழகா இருக்குன்னு வேற சொன்ன. என்னைக்கு நீ ஒரு பேட்ஜை அழகுன்னு சொல்லியிருக்க? அதான் திரும்பவும் போய் அந்தக் கடைக்காரம்மாவைக் கேட்டேன், இது எங்கேருந்து வந்துச்சுன்னு."

கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து வைத்தாள். சைக்கிளோடு நாலு பட்டாளத்துக்காரர்கள். தலையில் வழக்கமான தொப்பி இல்லை. அகல விளிம்பு வைத்த தொப்பி, ஒரு பக்கம் மேலே மடித்தது. மடிப்பில் சக்கரமும் நாரையும்.

"அதுல ஒருத்தர் அந்தம்மாவோட மாமனார். பேட்ஜ் அவரோடது. மடிச்ச விளிம்பு சரியாம நிக்கணும்னா ஊசி மேலருந்து கீழதான் இறங்கணும். தொப்பி போடுற யாரையாவது கேட்டிருக்கலாம் நீங்க."

ஆர்னல்ட் இப்போதுதான் லென்ஸை எடுத்தார். ஓரம் கத்தி மாதிரி இருந்தது, போலிக்கு அந்தக் கூர் வராது. துடைத்துத் துடைத்து நாரையின் மூக்கு மழுங்கியிருந்தது. இதைச் செய்ய ஒரு பட்டாளத்துக்காரனின் கட்டைவிரல் வேண்டும், எந்தப் போலிக்காரனாலும் முடியாது. சிரிலுடையதும் அப்படித்தான்.

"அசல்" என்றார். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக, இவள் என் வின்னி என்று நெஞ்சு விம்மியது.

அசலைப் போலி என்று சொன்னவனுக்கு என்ன தண்டனை என்று சங்கத்தில் விதி எதுவும் இல்லை. சிரிலுக்கு விதியும் வேண்டியிருக்கவில்லை, கிறிஸ்துமஸ் வரை பொறுமையும் இல்லை. பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கழற்றிக் கயிறு கோத்து ஆர்னல்ட் கழுத்தில் மாட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மாடியே கொண்டாடியது. ஆர்னல்ட் மூடியோடு உட்கார்ந்து தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் தின்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதும் மூடி கழுத்தில்தான் இருந்தது. வின்னி கழற்ற விடவில்லை. நாரை அவள் கோட்டில் இருந்தது.

"இனிமே பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

"பேட்ஜுக்கு மட்டுமா? இந்தத் தொப்பி எனக்கு நல்லாருக்குன்னு சொன்னியே, லென்ஸ் வச்சா பாத்த?"

ஆர்னல்ட் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கப் பார்க்க, அவள் பக்கம் திரும்பிச் சாவகாசமாகப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழேயும் வெகு நேரம் பார்த்தார்.

"தொப்பி சகிக்கல" என்றார். "கீழ இருக்கிறது அசல்."

வின்னி அந்த மூடியிலேயே ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். டங்கென்று கேட்டது.